கோடியக்கரைக்குப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கோடியக்கரைப் பறவைகளின் படங்கள் வந்ததிலிருந்து கடிதமும் மின்னஞ்சலும் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்திருக்கிறேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை.

ஐயா, போன பிப்ரவரியில் குடும்பத்தோடு கோடியக்கரை போனோம். ஒரு பூநாரைகூட கண்ணில் படவில்லை. அதற்கு முந்தின வருடம் அதே மாதத்தில் போன என் மைத்துனர் ஆயிரக்கணக்கில் பார்த்ததாகச் சொல்கிறார். எந்த மாதம் போனால் நிச்சயம் பார்க்கலாம்?
*– வாசகர், கும்பகோணம்*

நிச்சயம் என்று ஒரு மாதத்தை நான் சொன்னால் நம்பாதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும் காலம், அதுவரை சரி. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

உங்கள் மைத்துனருக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் சில அங்குலத் தண்ணீராக இருக்கும். வேதாரண்யத்தின் பெரிய சதுப்பு தட்டையானது, ஆழமே கிடையாது. வடகிழக்குப் பருவமழை அதை நிரப்புகிறது, கடல்நீரும் உள்ளே ஏறுகிறது, கோடை வந்தால் பெரும்பகுதி காய்ந்து வெடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே வரும்போதுதான் பறவைக்கு விருந்து. கால் நீளத்துக்கு ஏற்ற ஆழம்தான் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறும் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலமும் போதும், நெடுங்கால் உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், பூநாரை முழங்கால் தாண்டிய தண்ணீரிலும் சாவகாசமாக மேயும். மழை மிகுதியாகப் பெய்த வருடத்தில் டிசம்பரில் போனால் எங்கு பார்த்தாலும் ஒரே வெள்ளம், குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமே இருக்காது. மழை பொய்த்த வருடத்தில் பிப்ரவரியிலேயே உப்புப் பூத்த தரைதான் மிச்சம்.

ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, பார்த்துப் போங்கள் என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும். அது ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் கரைகளுக்குச் சரி. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் சுமார் 10 மீட்டர் வரை ஏறுகிறது, அங்கே நேரம் தவறினால் பறவையும் இல்லை, கரையும் இல்லை. நம் பாக் நீரிணையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. இங்கே காற்றைப் பாருங்கள். இரண்டு நாள் ஒரே திசையில் காற்றடித்தால் தட்டையான சதுப்பில் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும், பறவையும் கூடவே ஒதுங்கும்.

ஆகவே கிளம்பும் முன் அந்த வருடம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மழை எப்படி என்று விசாரியுங்கள். அங்கே போனதும் வனத்துறைக் காவலர்களிடம் "பறவை எங்கே?" என்று கேட்பதைவிட "தண்ணீர் இப்போ எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோருக்கும் சொல்லும் பதில்தான் கிடைக்கும். இரண்டாவதைக் கேட்டால் அவர்களே உற்சாகமாகி வழி சொல்வார்கள்.

இன்னொன்று. சரணாலயம் என்றதும் பலர் வெளிமான் திரியும் புல்வெளியும் உலர் பசுமைக்காடும் இருக்கிற பகுதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "பறவையே இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். 1967-ல் சரணாலயம் அமைத்ததே முக்கியமாக வெளிமானுக்காக. நீர்ப்பறவைக் கூட்டம் அதற்கு மேற்கே விரியும் சதுப்பிலும் உப்பளங்களிலும்தான். 2002-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவித்தபோது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் சேர்த்து 38,500 ஹெக்டேர் கணக்கில் வந்தது. அவ்வளவு பெரிய பரப்பில் ஒரு சாலையோரத்தில் நின்று பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

முதல் பைனாகுலர் வாங்கப் போகிறேன். கடைக்காரர் 20 மடங்கு பெரிதாக்கும் ஜூம் மாடலைக் காட்டுகிறார். நீங்கள் 8-ஐ மட்டும் சொல்கிறீர்கள். பெரிது நல்லதுதானே சார்?
*– கல்லூரி மாணவர், திருச்சி*

கையில் பிடித்துப் பார்ப்பதற்கு இல்லை. 20 மடங்கு பெரிதாக்கினால் உங்கள் கை நடுக்கமும் 20 மடங்கு பெரிதாகும், கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். 8x42 என்பதில் 8 உருப்பெருக்கம், 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8x42-க்கு 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், விடிகாலை வெளிச்சத்துக்குப் போதும். சதுப்பு திறந்த வெளி, பறவை தூரத்தில் நிற்கும் என்பதால் 10x42 வாங்குவோரும் உண்டு, கை உறுதியாக இருந்தால் அதுவும் சரிதான். ஜூம் பைனாகுலர் மட்டும் வேண்டாம், படம் மங்கும், பார்வைப் பரப்பு குறுகும்.

உப்புச் சதுப்பில் உண்மையான தேவை முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. ஆனால் விலை அதிகம். முதல் இரண்டு பருவம் யாராவது வைத்திருப்பவரோடு சேர்ந்து போங்கள், பறவை பார்ப்பவர்கள் ஸ்கோப்பை எட்டிப் பார்க்கவிட மறுத்து நான் கண்டதில்லை. அப்புறம், லென்ஸில் உப்பும் மணலும் படியும். துணியால் தேய்க்கும் முன் ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் மணல் துகளே கண்ணாடியைக் கீறிவிடும்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது: காலை பத்து மணிக்கு மேல் எந்தக் கண்ணாடியும் பெரிதாக உதவாது. சூடேறிய தரையிலிருந்து எழும் கானல் எல்லாவற்றையும் நெளிய வைத்துவிடும். நல்ல கருவி வாங்குவதற்குப் பதிலாகச் சீக்கிரம் எழுந்திருக்கலாம், செலவு கிடையாது.

சேற்றில் ஓடுகிற சின்னப் பறவைகள் எல்லாமே எனக்கு ஒரே சாம்பல் நிறம். புத்தகத்தில் முப்பது படம் இருக்கிறது, முப்பதும் ஒன்றுதான். எங்கே தொடங்குவது?
*– இல்லத்தரசி, மன்னார்குடி*

நிறத்தை விட்டுவிடுவதில் தொடங்குங்கள் அம்மா. உள்ளானும் உப்புக்கொத்தியும் நம்மிடம் வரும்போது பெரும்பாலும் குளிர்கால உடையில் இருக்கின்றன, மேலே சாம்பல், கீழே வெள்ளை. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். அவை எப்படிச் சாப்பிடுகின்றன என்று பாருங்கள்.

உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, பெரிய கண். சட்டென்று ஓடும், நிற்கும், பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். கண்ணால் தேடி எடுக்கிற பறவை அது. உள்ளான் தலை குனிந்தபடி சேற்றைக் குத்திக்கொண்டே நகரும், அலகு நுனியில் தொடு உணர்வு இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத புழுவையும் கண்டுபிடிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். இரவில் இருட்டிலும் பல உள்ளான்கள் மேய்வது எப்படி என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

அடுத்தது அலகின் நீளமும் வளைவும். கொசு உள்ளான் மிகச் சின்னது, சிட்டுக்குருவி அளவுதான், எடை 20 முதல் 30 கிராம், அலகு நேராகக் குட்டையாக இருக்கும், கால் கறுப்பு. அதன் பக்கத்திலேயே சற்றுப் பெரிதாக, வயிறு வரை தண்ணீரில் இறங்கி, நுனி கீழே வளைந்த அலகோடு மேய்வது வளைமூக்கு உள்ளான். பறந்தால் வால் மேல் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இது சைபீரியாவின் வடகோடித் தூந்திரத்தில், மரமே இல்லாத குளிர்ச் சமவெளியில், முட்டையிடுகிற பறவை, அங்கிருந்து நம் உப்பளம் வரை வருகிறது. எனக்கு இந்தச் சதுப்பில் மிகவும் பிடித்தது இதுதான், பூநாரையைவிட. யாரும் படம் எடுப்பதில்லை என்பதாலும் இருக்கலாம்.

பவளக்காலியைச் சுலபமாகப் பழகலாம், கால் சிவப்பு, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு முழுக்க வெள்ளை. நீங்கள் நெருங்குவதை முதலில் பார்த்துக் கத்திக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. பச்சைக்காலிக்கு அலகு தடித்து லேசாக மேல்நோக்கி இருக்கும், சிறு பச்சைக்காலிக்கு ஊசி போல் மெல்லிய நேர் அலகு. இரண்டும் அருகருகே நிற்கும் நாளில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. குதிரைமலைக்கோட்டானைச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவ்வளவு நீளமாக வளைந்த அலகை வேறெதிலும் தேட முடியாது.

ஒரே நாளில் முப்பதையும் படிக்க முயல வேண்டாம். ஐந்து போதும். ஒரு வரப்போரம் உட்கார்ந்து, ஒரே கொசு உள்ளானைப் பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். அதைத் தெரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் "அதைவிடப் பெரிது, அதைவிட நீள மூக்கு" என்று தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

மார்ச் கடைசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதே சாம்பல் வளைமூக்கு உள்ளான் நெஞ்செல்லாம் செங்கல் நிறமாக மாறிக்கொண்டிருக்கும். கருவால் மூக்கனும் அப்படியே. சில பறவைகள் பாதி மாறிய நிலையில் திட்டுத் திட்டாக இருக்கும், புத்தகத்தில் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாது, பயப்பட வேண்டாம்.

சிவப்புச் சட்டை போட்டுப் போனால் பறவை பறந்துவிடுமா?
*– பள்ளி மாணவி, சீர்காழி*

வெள்ளையும் பளீர் நிறங்களும் தவிர்த்தால் நல்லது. ஆனால் மங்கல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு கை ஆட்டிப் பேசுகிறவரைவிட, சிவப்புச் சட்டையில் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் நீ நிறையப் பறவை பார்ப்பாய்.

பூநாரைக் கூட்டத்தில் சில பறவைகள் ரோஜா நிறம் இல்லாமல் அழுக்குச் சாம்பலாக இருந்தன. நோயா? தண்ணீர் கெட்டுவிட்டதா?
*– வாசகர், தஞ்சாவூர்*

நோய் இல்லை, வயது. பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் வளர்கிறது, முழு நிறம் வரச் சில வருடம் பிடிக்கும். ரோஜா நிறம் உணவில் இருந்து வருகிறது. பாசியிலும், பாசி தின்னும் சிறு இறால் வகைகளிலும் கரோட்டினாய்டு என்ற நிறமி இருக்கிறது, அது இறகில் ஏறுகிறது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கைப் பம்பு போல் அசைத்துத் தண்ணீரை அலகு ஓரத்துச் சல்லடை வழியாக வெளியே தள்ளி உணவை மட்டும் நிறுத்திக்கொள்கிறது.

நம் பக்கம் பெரும்பாலும் பெரிய பூநாரைதான், உயரம் நான்கடிக்கு மேல், அலகு ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. கூட்டத்துக்குள் குட்டையாக, அடர்ந்த சிவப்பு அலகோடு ஒன்று தெரிந்தால் அது சிறிய பூநாரை. நல்ல வெளிச்சத்தில் கூட்டம் முழுவதையும் பொறுமையாக அலசுங்கள். 2025-ல் தனுஷ்கோடியில் பெரிய பூநாரைக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், ராமேசுவரம் போகிறவர்கள் அதையும் மனதில் வையுங்கள்.

உப்புத் தண்ணீரைக் குடித்து இவை எப்படி உயிரோடு இருக்கின்றன?
*– ஆசிரியர், பட்டுக்கோட்டை*

கண்ணுக்கு மேல் மண்டையோட்டில் உப்புச் சுரப்பி இருக்கிறது. இரத்தத்தில் மிகுதியான உப்பை எடுத்துச் செறிந்த கரைசலாக நாசி வழியே வெளியேற்றிவிடும். கடற்காகம் அலகு நுனியில் சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டு தலையை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது சளி இல்லை. உப்பு நிறைந்த இடத்தில் வாழ வாழ இந்தச் சுரப்பி பெருக்கவும் செய்யும். வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

என் தம்பி பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும் காட்சிக்காகக் கைதட்டி விரட்டுகிறான், அடுத்த முறை ட்ரோன் கொண்டுவரப் போகிறானாம். "ஒரு தடவை பறந்தா என்ன குறைஞ்சிடும்?" என்கிறான். நீங்களே சொல்லுங்கள் ஐயா.
*– வாசகி, சென்னை*

தம்பிக்கு நேராகவே சொல்கிறேன். நீ ஒரு தடவை விரட்டுகிறாய். உனக்கு முன்னால் வந்தவனும் ஒரு தடவைதான் விரட்டினான், மதியம் வருகிறவனும் அதையே சொல்வான். பறவைக்கு அது நாள் முழுக்க.

பறப்பதுதான் பறவைக்கு இருப்பதிலேயே செலவு அதிகமான வேலை. மேயும் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் போகிறது. அதிலும் மார்ச், ஏப்ரலில் இது மோசம். திரும்பிப் போகும் முன் உள்ளான்கள் வெறித்தனமாகத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றுகின்றன, அதுதான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு எரிபொருள். அந்த எடை ஏறாமல் கிளம்பினால் வழியில் விழும், அல்லது போய்ச் சேர்ந்தும் குஞ்சு பொரிக்கத் தெம்பிருக்காது. நீ எடுத்த காணொளி ஒரு நாள் ஓடும், அவ்வளவுதான்.

வனத்துறை அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 சரணாலயத்துக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும் என்கிறது, படம் எடுப்பதும் அந்த அனுமதிக்குள் வருகிற விஷயம். பறவைக் கண்ணுக்கு மேலே வட்டமிடுகிற ட்ரோன் ஏதோ கழுகு. கரையில் மனிதன் நடந்தால் சற்று ஒதுங்கி நிற்கிற கூட்டம்கூட ட்ரோனுக்கு மொத்தமாகக் கிளம்பிவிடும்.

எழும்புகிற காட்சி வேண்டுமா? வெயில் ஏறும் முன் போய் உட்கார். செம்பருந்தோ, விரால் அடிப்பானோ எப்படியும் ஒரு சுற்று வரும். கூட்டம் தானாக எழும், தானாக இறங்கும். அந்தப் படத்தில் பறவைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அழகாகத் திரும்புவது தெரியும். கைதட்டி விரட்டிய படத்தில் எல்லாமே முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும், கவனித்துப் பார்.

வலையில் செத்துக் கிடந்த ஒரு சின்னப் பறவையின் காலில் அலுமினிய வளையம், எண் இருக்கிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் வழக்கு வருமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
*– மீனவ இளைஞர், வேதாரண்யம் வட்டாரம்*

தம்பி, நீங்கள் எழுதியதற்கு முதலில் நன்றி. எத்தனையோ வளையம் இந்தப் பயத்தாலேயே கடலில் போயிருக்கிறது. வலையில் தற்செயலாகச் சிக்கிச் செத்த பறவையைப் பற்றிப் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் அப்படியே சொல்லுங்கள், வேட்டையாடுவது வேறு, இது வேறு. நீங்களே போய்ச் சொல்வதுதான் பாதுகாப்பும்கூட.

வளையத்தில் பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது இந்தியாவில் போட்டது. அந்தச் சங்கம் 1959-லேயே வலசை ஆய்வைத் தொடங்கியது, கோடியக்கரையில் அவர்களுக்கு ஆய்வு நிலையமே உண்டு. வேறு நாட்டு எழுத்து இருந்தாலும் அவர்களிடமே கொடுக்கலாம், உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். எண்ணை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதுங்கள், வளையத்தை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், கிடைத்த தேதி, இடம், எந்தக் கால் என்று குறியுங்கள். பறவையையும் படம் எடுத்து வையுங்கள்.

உயிரோடு நடமாடும் பறவையின் காலில் வண்ணக் கொடிகள், அதாவது எந்த நாட்டில் போட்டது என்று காட்டும் நிறப் பட்டைகள், தெரிந்தால் பிடிக்க முயல வேண்டாம். எந்தக் காலில் எந்த நிறம், எது மேலே எது கீழே, முட்டிக்கு மேலா கீழா, எழுத்து தெரிந்தால் எழுத்து, இவ்வளவும் போதும். நிற வரிசை மாறிவிட்டால் நாடே மாறிவிடும் என்பதால் சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே எழுதிவிடுங்கள்.

அக்டோபர் இரவில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறத்தில் வால் கட்டையான பறவை ஒன்று சுவரில் மோதி விழுந்தது. காலையில் தெளிந்து பறந்துவிட்டது. கடல்பறவையா?
*– வாசகர், நாகப்பட்டினம்*

ஆறுமணிக்குருவி. கடலோடு சம்பந்தமில்லாத காட்டுப் பறவை, ஆனால் இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா என்று அங்கெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது, அதுவும் இரவில் பறந்து. விளக்கு வெளிச்சத்தில் குழம்பி மோதுவது அக்டோபரில் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. கடல் தாண்டும் முன் இறங்கி இளைப்பாறக் கோடியக்கரைக் காடு அவற்றுக்கு வசதி, அங்கே புதரடியில் சருகைப் புரட்டிக்கொண்டு திரிவதைப் பார்க்கலாம்.

மறுபடி நடந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, பூனை எட்டாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் திறந்து விட்டால் சரி. இறக்கை தொங்கினால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

உப்பளங்கள் சதுப்பை அழிக்கின்றன என்கிறார் எங்கள் பேராசிரியர். நேரில் பார்த்தால் உப்பளத்தில்தான் பறவை அதிகம். எது உண்மை?
*– முதுகலை மாணவி, சிதம்பரம்*

இரண்டும். உப்பளம் பாத்தி பாத்தியாக ஆழமில்லாத தண்ணீர், ஒவ்வொன்றிலும் உப்பின் அளவு வேறு. கடல்நீர் முதலில் வந்து நிற்கும் பாத்திகளில் மீனும் புழுவும் இருக்கும், அடுத்தடுத்து உப்பு ஏற ஏற உயிர்கள் குறைந்து, உப்பு இறாலும் சில ஈ வகைகளும் மட்டும் ஏராளமாகப் பெருகும், கடைசிப் பாத்தியில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. வெளியே சதுப்பு வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் நாளில் வரப்பு மேல் வந்து பறவை ஓய்வெடுக்கும். நீங்கள் பார்த்தது அதுதான்.

ஆனால் அந்த வரப்புகளே சதுப்புக்குள் மழைநீரும் கடல்நீரும் போய்வருகிற வழியை வெட்டுகின்றன. வற்றுவதும் நிறைவதும் இயற்கையாக நடக்காத இடத்தில் எல்லா வகைப் பறவைக்கும் இடம் கிடைக்காது. உப்பளத்தில் பறவை நிறைய என்பது அங்கே நிலைமை நன்று என்பதற்குச் சான்றா, வெளியே போக இடமில்லை என்பதற்குச் சான்றா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பாரம்பரிய உப்பளத்தையும் பெருந்தொழில் பாத்தியையும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல ஆய்வேட்டுக்கு இது தலைப்பு, எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திவாரியாக ஆழமும் உப்பளவும் அளந்து, பக்கத்திலேயே எந்தப் பறவை எத்தனை என்று எழுதினால் பேராசிரியரும் மறுக்க மாட்டார்.

சீமைக்கருவேலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளிமான் மேயும் புல்வெளியை அது விழுங்கிக்கொண்டு வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டு மரங்களைப் புரட்டிப் போட்ட பிறகு எந்தச் செடி முதலில் முளைத்து நிமிர்ந்தது என்பதையும் அங்கே உள்ளவர்களிடம் கேளுங்கள்.

கோடையில் எல்லாப் பறவையும் போய்விடுமா? குஞ்சுகளுக்கு வழி யார் காட்டுவது?
*– வாசகர், காரைக்கால்*

எல்லாம் போவதில்லை. பல உள்ளான் இனங்களில் முதல் வருடப் பறவை குஞ்சு பொரிக்கும் வயதை எட்டாததால் இங்கேயே தங்கிவிடும். மே மாத வெயிலில் சாம்பல் உடையிலேயே நிற்கும் உள்ளானைப் பார்த்து "வழி தவறியது" என்று பரிதாபப்பட வேண்டாம். ஆகஸ்டிலேயே முதல் கூட்டம் திரும்ப வரத் தொடங்கிவிடும், அவை பெரியவை. பல இனங்களில் பெற்றோர் முன்னதாகக் கிளம்பிவிடுகின்றன. குஞ்சுகள் பின்னால், வழிகாட்டி இல்லாமல், முன்பின் பார்த்திராத இடத்துக்குத் தாமாக வருகின்றன. திசையும் தூரமும் பிறவியிலேயே வருகிறது, சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப் புலம் எல்லாம் உதவுகின்றன.

2022-ல் பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று, பிறந்து சில மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், நடுவில் எங்கும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அதன் பாதை வேறு, பசிபிக் மேல். நம்முடையவை மத்திய ஆசிய வலசைப் பாதையில் வருகின்றன, அவற்றுக்கு நடுவில் இறங்க நிலம் உண்டு. ஆனால் இறங்கிய இடத்தில் சேறும் தண்ணீரும் இருந்தால்தான்.

பொங்கல் கணக்கெடுப்பில் சேர ஆசை. ஆனால் ஆயிரம் பறவை ஒரே இடத்தில் நின்றால் எப்படி எண்ணுவது? தப்பாகப் போட்டால் கெடுதல் இல்லையா?
*– வங்கி ஊழியர், திருவாரூர்*

தாராளமாகச் சேருங்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு, ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். அதே மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது, 1987 முதல். அதற்கு அனுபவமுள்ளவர்களோடு போங்கள்.

பெரிய கூட்டத்தை இப்படி எண்ணுங்கள்: ஒரு ஓரத்திலிருந்து பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அது கண்ணாடியில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்குங்கள். அதே இடத்தை அப்படியே நகர்த்தி நூறு வரை போங்கள். பிறகு நூறு நூறாக. ஓரங்களில் பறவை நெருக்கம் குறைவு, நடுவில் அதிகம் என்பதால் ஒரே அளவை எல்லா இடத்துக்கும் போடக் கூடாது. முடித்ததும் எதிர்த் திசையிலிருந்து மறுபடி எண்ணுங்கள், இரண்டுக்கும் பெரிய இடைவெளி வந்தால் மூன்றாம் முறை. 1,000 என்று அழகாக முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, 860 வந்தால் 860. எந்த உள்ளான் என்று தெரியாவிட்டால் "உள்ளான் வகை" என்று பொதுவாகப் போடவும் அந்தத் தளத்தில் வழி இருக்கிறது, ஊகித்து ஒரு பெயரை எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒன்றுமே இல்லாத நாளில் பலர் பதிவேற்றாமல் வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு கொக்கு, ஒரு மீன்கொத்தி என்றாலும் ஏற்றுங்கள், குறிப்பில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வருடம் கும்பகோணத்து நண்பர் கேட்டால் எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.